ஆறு வாரமா, ஐம்பத்தைந்து வருடமா?

சென்னையிலிருந்து கிளம்பும் ஹவுரா மெயில், ரூப்நாராயண் நதியின் மேல் உள்ள நீண்ட பாலத்தைத் தாண்டியதும் ஹவுரா மாவட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பெட்டி படுக்கையைக் கட்டும் அவசரத்தில் அப்போது யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. தேவுல்டி, பாக்னான், உலுபேரியா என்று ஸ்டேஷன்கள் ஓடுகின்றன. நடுவே குளங்கள், வெற்றிலைக் கொடிக்கால்கள், ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த சம்பங்கோரை, நாணல். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு இந்தக் கோரைக்குள்தான் வாழ்கிறது. புலி அல்ல. 2012ல் மாநில அரசு தேர்ந்தெடுத்தது மீன்பிடிப் பூனையை. வங்காளிகள் அதை 'பாக்ரோல்' என்பார்கள், அல்லது 'மேச்சோ பிடால்' என்பார்கள். வீட்டுப் பூனையைப் போல இரண்டு பங்கு பெரியது. கடுவன் 16 கிலோ வரை வளரும். விரல்களுக்கிடையே பாதி சவ்வு உண்டு. தண்ணீரைக் கண்டால் ஓடாது. குதிக்கும், நீந்தும், முங்கி மீனோடு எழும்.

ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கி ஜி.டி. ரோடு வழியே வடக்கே போனால் பில்கானா. சொல்லுக்கு அர்த்தம் யானைக் கொட்டில். யானைகள் போய், சணல் ஆலைகளையும் வார்ப்படப் பட்டறைகளையும் நம்பி பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களின் குடிசைப் பகுதி ஆனது அது. உலகம் அறிந்த சேரிகளில் ஒன்று. டொமினிக் லாப்பியரின் 'சிட்டி ஆஃப் ஜாய்' நாவல் 1985ல் வெளிவந்தபோது அதற்குக் களமாக இருந்தது பில்கானாதான். வேடிக்கை என்னவென்றால், ஆற்றுக்கு இக்கரையில் உள்ள ஒரு சேரிக்கு வைத்த பெயரை அக்கரையில் உள்ள கொல்கத்தா எடுத்துக்கொண்டுவிட்டது. 'ஆனந்த நகரம்' என்று இப்போது சுற்றுலா விளம்பரங்களில் வருவது கொல்கத்தாதான். பில்கானாவை யாரும் நினைப்பதில்லை.

வெளிநாட்டில் தொண்டு செய்ய ஆள் சேர்க்கும் அமைப்புகளின் வண்ணக் கையேடுகளில் இரண்டு தலைப்புகள் ஜோடியாக வரும்: வனவிலங்குப் பாதுகாப்பு, சமூகப் பணி. ஒன்றுக்கு ஆமைக்குஞ்சின் படம், மற்றதற்குக் குழந்தையின் படம். ஹவுராவில் இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிற தொண்டரால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

கடல் கடந்து தொண்டு செய்யும் வழக்கம் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு முறையான ஏற்பாடாக உருவெடுத்தது. பிரிட்டனில் வி.எஸ்.ஓ. 1958ல் துவங்கியது. அமெரிக்காவின் அமைதிப் படை 1961ல். அந்த வருடமே அமைதிப் படையினர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம் என்று 1976 வரை இங்கே வேலை பார்த்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 68 வயதில் பம்பாய் விக்ரோலியில் நர்ஸாகப் பணிபுரிந்தது இந்தப் படையின் சார்பில்தான். அவர்களுக்கு இரண்டு வருடப் பணி, முன்கூட்டியே மொழிப் பயிற்சி, கைச்செலவுக்குப் பணம் எல்லாம் உண்டு. 1971ல் பாஸ்டனில் எர்த்வாட்ச் வந்தபோது கணக்கு திசை மாறியது. விஞ்ஞானியின் களப்பணிக்கு உதவப் போகிறவர், அந்த ஆய்வின் செலவில் ஒரு பங்கைத் தாமே தர வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் தொண்டர் பணம் கட்டுவார் என்று தெரிந்த பிறகு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? இரண்டு வருடம் இரண்டு மாதமாகி, இரண்டு வாரமாகச் சுருங்கிற்று.

இது வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்க இனி இடமில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் 'ஆறு வாரம் வாலன்டியரிங்' என்று விமானம் ஏறுகிறார்கள். ஐசெக் என்ற சர்வதேச மாணவர் அமைப்பின் தொண்டுத் திட்டங்களே பெரும்பாலும் ஆறு வாரம்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கலாம் என்பதற்காகப் போகிறவர்கள் உண்டு. உண்மையான ஆசையோடு போகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பணம் தருவது பெற்றோர்தான். ஆகவே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

பில்கானாவுக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்சுவா லபோர்த் 1965ல் இந்தியா வந்தவர். மடத்தில் தங்காமல் சேரிக்குள்ளேயே குடியேறினார். அங்கிருந்தவர்களையே சேர்த்துக்கொண்டு சேவா சங்க சமிதியை வளர்த்தார். 1976ல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக 'ஹவுரா சவுத் பாயிண்ட்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். சேரியில் போலியோ வந்த குழந்தை என்றால் அந்நாளில் வாழ்நாள் முழுவதும் தரையில் தவழும் குழந்தை என்று அர்த்தம். தாய் வேலைக்குப் போனால் அதைக் கட்டிலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி, பள்ளி, தங்குமிடம் என்று படிப்படியாக விரிந்த நிறுவனம் அது. லபோர்த் 2020 டிசம்பரில், 93ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார். கணக்குப் போட்டால் 55 வருடம்.

இன்னொருவர் கஸ்தோன் தயானந்த். ஸ்விட்சர்லாந்துக்காரர், ஆண் நர்ஸ். 1972ல் வந்தார். பில்கானாவில் காச நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் நடுவே, அவர்கள் இருந்தது போன்ற அறை ஒன்றிலேயே வாழ்ந்தார். தயானந்த் என்ற பெயரை இங்கே வந்த பிறகு வைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் போனது ஹவுரா மாவட்டத்தின் தெற்குக் கிராமங்களுக்கு. கோஹாலோபோதா என்ற இடத்தில் அநாதைக் குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட முதியவர்களுக்குமாக எழுந்த இல்லத்தை நடத்துபவர்கள் வங்காளிகள். எல்லா மதத்தவரும் அதில் உண்டு. நாவலில் வரும் பாதிரியார் பாத்திரத்தில் லபோர்த்தின் சாயலும் தயானந்தின் சாயலும் கலந்திருக்கின்றன.

லாப்பியர் தொண்டர் அல்ல, எழுத்தாளர். வந்தார், பார்த்தார், எழுதினார், பாரிசுக்குத் திரும்பினார். ஆனால் ராயல்டியில் பாதியை வங்காளத்துக்கு எழுதிவைத்தார். சுந்தரவனத் தீவுகளுக்குப் போகும் ஆஸ்பத்திரிப் படகுகள் அந்தப் பணத்தில் ஓடின. 2008ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் இறந்தார். நாவல் படமானபோது 1991ல் கொல்கத்தாவில் படப்பிடிப்புக்கு ஏக எதிர்ப்பு. 'எங்கள் வறுமையை விற்கிறார்கள்' என்று ஊர்வலம், வழக்கு எல்லாம் நடந்தது. கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தில் பாட்ரிக் ஸ்வேஸி நடித்த அமெரிக்க டாக்டர் வந்துதான் சேரி ஜனங்களுக்குத் தைரியமே வருகிறது. நிஜ பில்கானாவில் நடந்தது வேறு. பிறர் வந்து தைரியம் கொடுக்கும் வரை அங்கு யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் லாப்பியர் செய்ததை, தொண்டு செய்யப் போகும் எல்லோரும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். தமக்குத் தெரிந்தது எழுத்து; அதைச் செய்தார். கையில் ஊசி பிடித்து நர்ஸ் வேலை பார்க்கக் கிளம்பவில்லை.

ஊசி பிடித்தவர்களின் கதை அக்கரையில் இருக்கிறது. அன்னை தெரசா 1952ல் காளிகாட்டில் ஆரம்பித்த நிர்மல் ஹிருதய் இல்லத்துக்கும் மற்ற இல்லங்களுக்கும் பல பத்தாண்டுகளாக ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான், கொரியா என்று பல தேசத்து இளைஞர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். சடர் தெருவில் மலிவான விடுதியில் தங்கி, காலையில் மதர் ஹவுஸில் ரொட்டி, வாழைப்பழம், டீ. பிறகு துணி துவைக்கலாம், சோறு ஊட்டலாம், புண்ணுக்குக் கட்டுப் போடலாம். கட்டணம் கிடையாது. அந்த மட்டில் இது ஏஜென்சிக்காரர்களின் வியாபாரத்தைவிட நூறு மடங்கு யோக்கியமானது. சாகக் கிடக்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை என்பதும் உண்மை.

ஆனால் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்கே வந்து பார்த்துவிட்டு 1994ல் எழுதியது வேறு ஒரு பக்கத்தைக் காட்டியது. அன்பையும் சுத்தத்தையும் பாராட்டினார். எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதைச் சகோதரிகளும் தொண்டர்களுமே தீர்மானிக்க வேண்டியிருப்பதையும், கடும் வலிக்குத் தகுந்த மருந்து இல்லாததையும் குறை சொன்னார். பிழைக்கக் கூடியவர் யார், பிழைக்க முடியாதவர் யார் என்று பிரித்தறிவது வைத்தியத்தில் பாதி. நேற்று வந்து அடுத்த மாதம் போகப் போகிறவர்கள் அதைச் செய்ய முடியாது.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் அதே நகரத்தில் கிடைக்கிறது. வேல்ஸில் விவசாயியாக இருந்து, நடு வயதில் டாக்டருக்குப் படித்த ஆங்கிலேயர் ஜாக் பிரெகர். 1972ல் வங்கதேசத்துக்குப் போனார். அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, எழுபதுகளின் கடைசியில் கொல்கத்தா வந்தார். மிடில்டன் ரோவில் நடைபாதையிலேயே வைத்தியம் செய்தார். விசா தகராறில் வருடக்கணக்கில் அலைந்தார். அந்த நடைபாதை வைத்தியம்தான் 'கல்கத்தா ரெஸ்க்யூ' என்ற நிறுவனமாகி, கிளினிக்குகளும் பள்ளிகளுமாக வளர்ந்தது. 2019ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். நிறுவனம் நிற்கவில்லை. ஏனென்றால் அதற்குள் வேலை முழுக்க இந்த ஊர்க்காரர்களின் கைக்கு வந்திருந்தது. ஹவுரா சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு 1925ல் அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள், பூஞ்சை பிடித்துவிட்டது என்று. விழுதுகள் ஊன்றியிருந்ததால் மரம் இன்றும் படர்ந்துகொண்டிருக்கிறது. பிரெகரின் நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது கொல்கத்தாவாசிகளுக்கு அந்த மரம் நினைவுக்கு வராமல் இருக்காது.

குறுகிய காலத் தொண்டால் பெரிதாகப் பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று சொல்பவர்கள் உண்டு. கெடுதல் இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் 'தாயை இழந்த சிங்கக் குட்டிகளுக்குப் பால் ஊட்டலாம்' என்று பணம் வாங்கிக்கொண்டு இளைஞர்களைச் சேர்த்தார்கள். குட்டிகள் தாயை இழந்தவை அல்ல, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. வளர்ந்த பிறகு வேலி போட்ட இடத்தில் விட்டு, பணக்கார வேட்டைக்காரர்கள் சுடுவதற்கு விற்றார்கள். 2015ல் வெளிவந்த 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் இதை அம்பலமாக்கியது. 2021ல் தென் ஆப்பிரிக்க அரசு கூண்டுச் சிங்க வளர்ப்பை நிறுத்துவதாக முடிவெடுத்தது. பால் ஊட்டிய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சிங்கத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இதே கதை குழந்தைகளை வைத்து நடந்தது. அநாதை விடுதிகளில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தால் பணம் வரும்; தொண்டர்கள் வர அநாதைகள் வேண்டும்; ஆகவே கிராமத்திலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியா 2018ல் தன் நவீன அடிமை முறைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது இதையும் அடிமை வியாபாரத்தின் ஒரு வகையாகக் கருதியது.

ஹவுராவின் மீன்பிடிப் பூனைக்கு இப்படிப்பட்ட ஆபத்து இல்லை. அதற்குப் பால் ஊட்ட யாரும் வரப்போவதில்லை. அதன் ஆபத்து முற்றிலும் உள்ளூர்ச் சரக்கு.

2010 ஏப்ரல் முதல் 2011 மே வரை, பதினான்கு மாதத்துக்குள், ஹவுரா மாவட்டத்தில் 27 மீன்பிடிப் பூனைகள் செத்துக் கிடந்ததாகப் பதிவானது. கண்ணில் பட்டவை மட்டும் இத்தனை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும் பிராணி இது. அது சாவதற்குப் பல காரணம். சாலையில் வண்டி அடித்துவிடுகிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்கியது என்றும், குளத்து மீனைத் தின்றது என்றும் அடிக்கிறார்கள். பல சமயம் 'புலி வந்துவிட்டது' என்ற கூச்சலே போதும். உடம்பில் வரிவரியாகப் புள்ளி, பெயரிலேயே 'பாக்'. வங்காளத்தில் 'பாக்' என்றால் புலி. இருட்டில் கோரைக்குள் இரண்டு கண் மின்னினால் கிராமம் தடியோடு கூடிவிடும்.

இதைப் பதிவு செய்ய ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் தியாசா ஆத்யா. இளம் ஆராய்ச்சியாளராக அவர் ஹவுராவின் கிராமங்களுக்குள் போனபோது, அங்கே சரணாலயம் கிடையாது, வனக் காவலர் கிடையாது, டிக்கெட் கவுண்டர் கிடையாது. பூனை வாழும் நிலம் முழுக்கத் தனியார் பட்டா. ஒரு கோரைக் கொல்லை ஒருவருடையது, அடுத்தது அவர் பங்காளியுடையது. பூனையைக் காக்க வேண்டுமானால் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது, 'நீ எந்த ஊர், யார் பெண், இதில் உனக்கு என்ன லாபம்' என்றுதான். நம்பிக்கை வரும் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆரம்ப காலப் பணத்தில் ஒரு பகுதி பிரிட்டனின் ரஃபோர்ட் அறக்கட்டளையிலிருந்து வந்தது. பணம் கடல் கடந்து வந்தது. போய் உட்கார்ந்தவர்கள் வங்காளிகள். ஆத்யாவுக்கு 2016ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது கிடைத்தது.

பூனையின் கதை உண்மையில் கோரையின் கதை. சம்பங்கோரையை அங்கே 'ஹோக்லா' என்கிறார்கள். பாய் பின்னவும் கூரை வேயவும் தட்டி கட்டவும் அது வேண்டும். நாணல் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு வேண்டும். பந்தல் போட்டு நிழலில் வளர்க்கும் வெற்றிலை ஹவுரா விவசாயியின் கைக்காசு. ஆகவே யாரும் பூனைக்காக அல்லாமல், தங்கள் பிழைப்புக்காகவே தலைமுறை தலைமுறையாகக் கோரையை வளர்த்து வந்தார்கள். பூனையும் நீர்க்கோழியும் உடும்பும் அதில் இலவசக் குடித்தனம் செய்தன. எலியையும் பூனை தின்று தீர்த்ததில் விவசாயிக்கும் கொஞ்சம் வாடகை வசூலானது என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பாயும் பிளாஸ்டிக் ஷீட்டும் வந்த பிறகு கோரைக்கு விலை இறங்கியது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிடங்கு கட்டவும் தொழிற்சாலை கட்டவும் நிலத்துக்கு விலை ஏறியது. செங்கல் சூளைக்காரர்களும் காத்திருக்கிறார்கள். லாரியில் மண் கொண்டுவந்து கொட்டினால் ஒரு கொல்லை சீக்கிரமே மேடாகிவிடும்.

வேட்டையும் இருக்கிறது. ஃபலஹாரிணி காளி பூஜை போன்ற நாட்களில் கும்பலாகக் கிளம்பி, கண்ணில் பட்ட பிராணியை எல்லாம் அடிக்கும் வழக்கம் தென் வங்காளத்தின் பல மாவட்டங்களில் உண்டு. வேட்டைக் கும்பல்கள் வருவது ரயிலில். 'ஹீல்' என்ற கொல்கத்தா அமைப்பு இதைப் படம் பிடித்து, பதிவு செய்து, கல்கத்தா ஐகோர்ட்டுக்குக் கொண்டுபோனது. வேட்டையைத் தடுத்து நிறுத்தும்படி 2019ல் ஐகோர்ட் அரசுக்கு உத்தரவிட்டது. அதற்குப் பிறகு பூஜைக்கு முன்தினம் ஸ்டேஷன்களில் வனத்துறை, போலீசோடு தொண்டர்களும் காவல் நிற்கிறார்கள். வில்லோடும் ஈட்டியோடும் இறங்குகிறவர்களிடம் தன்மையாகவும் கண்டிப்பாகவும் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். மொழி தெரியாதவர் அந்த பிளாட்பாரத்தில் நின்று என்ன செய்வார்?

சட்டமும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. மின்னணுச் சுற்றுலா விசாவில் இந்தியா வருகிறவர், பணம் எதுவும் பெறாமல், அதிகபட்சம் ஒரு மாதம் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் தொண்டு நிறுவனத்தின் பெயர் குறித்த எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும். ஆராய்ச்சிக்காக உயிரின மாதிரிகளை வெளிநாட்டவர் எடுப்பதானால், 2002ஆம் வருட பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். பணம் அனுப்பினாலும் கெடுபிடிதான். 2020ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுகியது. அன்னை தெரசாவின் சபைக்கே 2021 டிசம்பரில் உரிமம் புதுப்பிக்கப்படாமல், அடுத்த மாதம்தான் திரும்பக் கிடைத்தது. இந்தக் கெடுபிடியில் நல்லவர்களும் அடிபடுகிறார்கள் என்பது நிஜம். ஆனால் ஒரு மாத வரம்பைப் பற்றிப் புலம்ப வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் செய்யக் கூடியது எது என்று யோசிக்க வைத்தால் அதுவே ஒரு லாபம்.

ஒரு மாதத்தில் பெரிய காரியமும் நடக்கும், போகிறவரிடம் சரக்கு இருந்தால். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க முடியாமல் திண்டாடிய வனவிலங்குத் துறையும் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அவர்களைக் கூலி கொடுத்து அழைத்திருந்தன. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடி. ஊர் புதிது, பாஷை தெரியாது, கூட மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டியிருந்தது. ஆனால் பாம்பின் தடம் தெரியும். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்கர்கள் அவர்களை அனுபவம் பெறுவதற்காக அழைக்கவில்லை. தங்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும் என்பதால் அழைத்தார்கள். ஆறு வாரம் போகத் துடிக்கும் மாணவரிடம் அந்த ஊர்க்காரருக்குத் தெரியாத வித்தை ஏதாவது இருக்கிறதா? கண் மருத்துவம், கணக்குப் பதிவு, கிணறு தோண்டுதல் எதுவாகவும் இருக்கலாம். இல்லையென்றால் அவர் போவது கற்றுக்கொள்ள. அதில் தப்பில்லை. அதைத் தொண்டு என்று சொல்லிக் கட்டணம் வசூலிப்பதில்தான் தப்பு.

கற்றுக்கொள்ள விமானமும் அவசியமில்லை. சென்னையில் மாணவர்கள் 1988ல் துவக்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஒவ்வொரு வருடமும் ஜனவரியிலிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையோரம் இரவில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். ஒரிசாவின் சிலிகா ஏரியில் 2022ல் மீன்பிடிப் பூனைகளை எண்ணியபோது 176 என்று கணக்கு வந்தது. அங்கே கேமரா வைக்கவும் தடம் பார்க்கவும் ஏரிக்கரை மீனவர்களும் கிராமத்தவர்களும்தான் கூட நின்றார்கள்.

ஹவுராவில் கிராமத்துக் கோரைக்குச் சொந்தக்காரர்களில் சிலர் பூனையை அடிப்பதை விட்டுவிட்டார்கள். கூட்டம் கூடினால் குறுக்கே நின்று தடுக்கும் இளைஞர்களும் சில கிராமங்களில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களால் கோரைக்கு விலை ஏற்ற முடியாது. ஒரு கொல்லையில் அறுப்பு நடக்கும்போது பூனை குட்டிகளோடு அடுத்த கொல்லைக்கு ஒதுங்கிக்கொள்ளும். அடுத்த கொல்லைக்காரர் இந்த வருடம் மண் கொட்டச் சம்மதித்துவிட்டால் ஒதுங்க இடம் ரோட்டுக்கு அப்பால்தான் இருக்கும்.